பிரிட்ஜிங் விசாவில் இருப்போருக்காக மெல்பேர்ணில் ஒரு பேரணி: எங்கிருந்து தொடங்குவது?

டண்டினோங்வாசி எழுதியது:

வணக்கம் உறவுகளே. மெல்பேர்ணின் தென்கிழக்குப் புறநகர்களில் வசிக்கும் நாங்கள் ஆறு பேர், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பிரிட்ஜிங் விசாவிலேயே (விசா விடயம் முடிவாகும்வரை தங்கியிருக்கத் தரும் தற்காலிக அனுமதி) காலம் கழித்துக்கொண்டிருக்கும் தமிழர், ஈரானியர், ரோஹிஞ்சாக்களுக்காக ஒரு சனிக்கிழமை மத்தியானம் பேரணி நடத்தத் தீர்மானித்திருக்கிறோம். எங்களில் நால்வர் அவுஸ்திரேலியக் குடியுரிமை உள்ளவர்கள். மற்ற இருவர் அதே விசாவில் இருப்பவர்கள். பேரணிகளில் நடந்து பழக்கம் உண்டே தவிர, ஒன்றையேனும் முன்னின்று நடத்திய அனுபவம் எங்களுள் எவருக்கும் இல்லை.

விடயம் தெரியாத இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012 ஓகஸ்ட் 13 முதல் 2013ஆம் ஆண்டின் இறுதி வரை படகில் வந்து சேர்ந்த சுமார் 30,000 பேரின் தஞ்சக் கோரிக்கைகளை, 2014இல் நிறைவேறிய சட்டம் 'ஃபாஸ்ட் ட்ராக்' என்ற தனி வழிக்குள் தள்ளியது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், ஐ.ஏ.ஏ. (Immigration Assessment Authority) என்ற மறுபரிசீலனை அமைப்பு பெரும்பாலும் கோப்பிலிருந்த தாள்களை மட்டும் பார்த்து முடிவு சொல்லும். மற்றவர்களைப் போல நேரில் தோன்றி வாதாடும் உரிமை இவர்களுக்கு இருக்கவில்லை. 2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர விசாவுக்கான வழி திறந்தது. ஃபாஸ்ட் ட்ராக்கில் நிராகரிக்கப்பட்டவர்களோ வாசலுக்கு வெளியிலேயே நின்றார்கள். 2024 ஒக்டோபரில் ஐ.ஏ.ஏ.யே மூடப்பட்டது. அந்த முறை நியாயமானதல்ல என்று ஆளும் தொழிற்கட்சியே சொல்லிவந்திருக்கிறது. ஆயினும் அது வழங்கிய நிராகரிப்புகள் மட்டும் இன்றுவரை செல்லுபடியாகின்றன.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு நண்பரின் கராஜில் முதற் கூட்டம் நடந்தது. இருபது பேரளவில் வந்திருந்தார்கள். இறைச்சித் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, உறங்காமல் நேரே வந்திருந்த ஒருவர், ஒன்றரை மணி நேரமும் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்து ஒரேயொரு கேள்வி கேட்டார்: "போட்டோ எடுப்பினமோ?" எங்களிடம் பதில் இருக்கவில்லை. அன்றிரவே, உண்மையில் எங்களுக்குப் பதில் தெரியாத கேள்விகள் எத்தனை என்று எழுதிப் பார்த்தேன். பொலிசாரிடம் அனுமதி பெற வேண்டுமா? பிரிட்ஜிங் விசாவில் இருப்பவர் பேரணிக்கு வந்தால் அவருடைய விசாவுக்குப் பாதிப்பு உண்டா? நகர மையத்தில் வைப்பதா, எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தின் முன் வைப்பதா? இவற்றுக்கு மேலாக, எங்கள் தமிழர் கொடியைப் பிடிப்பதா வேண்டாமா என்பதில் ஆறு பேருக்குள்ளேயே இரண்டு கட்சி. அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.

சட்ட உதவித் தொண்டர் எழுதியது:

நான் வழக்கறிஞர் அல்லேன். அகதிகளுக்கான ஒரு சட்ட உதவி நிலையத்தில் சில ஆண்டுகளாகத் தொண்டராக இருப்பவன். ஆகவே இங்கே எழுதுவதைப் பொதுவான விளக்கமாக மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தத்தம் கோப்பைத் தெரிந்த சட்டத்தரணியிடம் கேட்டுவிடுவது அவசியம். ஃபுட்ஸ்க்ரேயில் இருக்கும் தஞ்சம் கோருவோர் வள நிலையமும், 'ரெஃபியூஜி லீகல்' அமைப்பும் இத்தகைய கேள்விகளுக்குப் பழக்கப்பட்டவை. மொழி தடையாக இருந்தால் 131 450 என்ற இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார்.

முதலில் அனுமதி. விக்டோரியாவில் அமைதியான பேரணிக்குப் பொலிசாரின் அனுமதி தேவையில்லை. 2006ஆம் ஆண்டின் மனித உரிமைச் சாசனச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அமைதியாக ஒன்றுகூடும் உரிமையை ஒவ்வொருவருக்கும் உறுதி செய்கிறது. அங்கே குடியுரிமை என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். இருந்தாலும் பொலிசாருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். தெருவில் நடக்கப் போகிறீர்கள் என்றால், டிராம் வண்டிகளை எங்கே நிறுத்துவது, எந்தச் சந்தியை எப்போது மறிப்பது என்று திட்டமிட அவர்களுக்கும் அவகாசம் வேண்டும். மேடை, கூடாரம் போன்றவற்றை நிறுத்துவதாயிருந்தால் மாநகர சபையிடம் தனியாகக் கேட்க வேண்டும். சிட்னி நண்பர்கள் எவராவது இதைப் பார்த்து அப்படியே செய்துவிட வேண்டாம். நியூ சவுத் வேல்ஸில் முறை வேறு: ஏழு நாட்களுக்கு முன்னதாக எழுத்தில் அறிவித்தல் கொடுத்து, பொலிசாரின் கோரிக்கையின் பேரில் நீதிமன்றம் அதைத் தடைசெய்யாவிட்டால், பாதையை மறித்தல் போன்ற குற்றச்சாட்டுகளிலிருந்து அந்தப் பேரணிக்குப் பாதுகாப்புக் கிடைக்கும்.

இனி அந்தத் தொழிலாளி கேட்ட கேள்வியின் அடியில் இருக்கும் அச்சத்துக்கு வருகிறேன், ஏனெனில் அது வெறும் மனப்பிரமை அல்ல. படகில் வந்து பிரிட்ஜிங் விசா பெற்ற வயதுவந்தோர், 2013 டிசம்பரில் கொண்டுவரப்பட்ட நடத்தை விதிக்கோவையில் கையெழுத்திட வேண்டியிருந்தது. சட்டத்தை மீறக்கூடாது என்பதோடு நில்லாமல், சமூகத்துக்கு இடையூறான, மற்றவர்களை மதிக்காத நடத்தையும் கூடாது என்று அது தளர்வான சொற்களில் பேசுகிறது. ஓர் அமைதியான பேரணியில் நிற்பது அதற்குள் அடங்காது. ஆனால் இந்த விசாவை ரத்துச் செய்வதற்கு ஒருவர் குற்றவாளியெனத் தீர்ப்பாக வேண்டியதில்லை, குற்றம் சாட்டப்பட்டிருந்தாலே போதும் என்பதை நினைவில் வையுங்கள். குடியுரிமை உள்ளவருக்கு ஒரு தள்ளுமுள்ளு சிறு அபராதத்தோடு முடியலாம். பிரிட்ஜிங் விசாக்காரருக்கு அதே தள்ளுமுள்ளு தடுப்பு முகாமில் கொண்டுபோய் விடலாம். ஆகவே வீதியில் உட்கார்ந்து மறிப்பது, அலுவலகத்துக்குள் நுழைந்து வெளியேற மறுப்பது போன்ற எதையும் இந்தப் பேரணியோடு கலக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அப்படிச் செய்ய விரும்பும் குடிமக்கள் வேறொரு நாளில் தாங்கள் மட்டும் செய்துகொள்ளட்டும்.

படத்தைப் பற்றி இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். இணையத்தில் ஏறும் படம் ஊரிலுள்ள குடும்பத்துக்குச் சிக்கலைக் கொண்டுவரலாம். மறுபக்கத்தில், "பேரணியில் நின்றால் என் வழக்குக்கு வலு சேரும்" என்று எண்ணி வலிந்து முன்வரிசையில் நிற்பவர்களும் இருக்கிறார்கள். தன் தஞ்சக் கோரிக்கையை வலுப்படுத்துவதற்காகவே ஒருவர் இங்கே செய்யும் செயலைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று குடிவரவுச் சட்டத்தின் 5ஜே பிரிவு சொல்கிறது. அந்த ஆலோசனையை எவருக்கும் கொடுக்காதீர்கள்.

பழைய தொண்டன் எழுதியது:

தம்பி, 2009இல் வன்னியில் போர் நடந்துகொண்டிருந்தபோது நாங்கள் ஏறாத படியில்லை, நிற்காத தெருவில்லை. அந்த அனுபவத்தில் நான் கற்றுக்கொண்டவற்றில் பாதி, எதைச் செய்யக்கூடாது என்பதுதான்.

பேச்சாளர் பட்டியலைத்தான் முதலில் கவனியுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒழுங்கு செய்த ஒரு கவனயீர்ப்புப் போராட்டத்தில், அழைத்த அமைப்புகள் எல்லாவற்றுக்கும் ஒலிவாங்கி கொடுத்தாக வேண்டும் என்ற மரியாதைக்காகப் பதினொரு பேரைப் பேசவிட்டோம். வெயில் ஏறிவிட்டது, பிள்ளைவண்டிகளோடு வந்தவர்கள் மர நிழலுக்குப் போய்விட்டார்கள். கடைசியாகப் பேச இருந்தவர் பிரிட்ஜிங் விசாவில் இருந்த ஒரு தாய். நான்கு இரவு உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதி, மகளிடம் திருத்தி வாங்கிய தாளை அவர் விரித்தபோது, ஒலிபெருக்கியின் பற்றரி இறந்துவிட்டது. பக்கத்தில் போன டிராமின் மணியோசைக்கு மேலாக அவர் வாசித்து முடித்தார். முன்னால் நின்ற முப்பது பேருக்கு மேல் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பிழை என்னுடையது. ஆகவே பாதிக்கப்பட்டவர் முதலில் பேசட்டும், மொத்தம் ஐந்து பேர் போதும், ஆளுக்கு நான்கு நிமிடம், மேலதிகப் பற்றரி ஒன்று கையில். தொடக்கத்தில் பேரணி நடக்கும் நிலத்தின் பூர்வகுடி மக்களுக்கு மரியாதை செலுத்துவதை எவரோ ஒருவர் கடகடவென்று வாசித்துவிட்டுப் போகாமல், முடிந்தால் அவர்களுள் ஒருவரையே முன்கூட்டி அழைத்துப் பாருங்கள். நிலத்தை இழந்தவர்களின் மண்ணில் நின்றுதான் நாங்கள் இடம் கேட்கிறோம் என்பது எனக்கு எப்போதும் மனதில் உறுத்தும் விடயம்.

இடம் பற்றி: நகர மையத்தில் மாநில நூலகத்தின் முன்புறப் புல்வெளி பலருக்கும் பழகிய இடம். ஆண்டுதோறும் குருத்து ஞாயிறன்று அகதிகளுக்கான நடைபவனி பெரும்பாலும் அங்கேயிருந்துதான் புறப்படும். சுவான்ஸ்டன் தெருவில் போகிற வருகிற எல்லோரும் பார்ப்பார்கள் என்பது அதன் பலம். ஆனால் ஐந்நூறு பேர் அங்கே சிறு கூட்டமாகத் தெரியும். அதே ஐந்நூறு பேர் புறநகரில் ஒரு தொகுதி அலுவலகத்தின் முன் நின்றால் அந்த உறுப்பினரின் உதவியாளர்கள் சன்னலை விட்டு நகர மாட்டார்கள். உங்கள் முதற் பேரணி என்பதால் நான் ஊருக்குள்ளேயே நடத்தச் சொல்வேன்.

காரணம் பிலோயீலா. குயீன்ஸ்லாந்தின் அந்தச் சிறு நகரத்தில் 2018 மார்ச்சில் ஒரு விடிகாலை நடேஸ், பிரியா குடும்பத்தைக் குழந்தைகளோடு அள்ளிக்கொண்டு போனார்கள். மெல்பேர்ண் தடுப்பு முகாம், பிறகு கிறிஸ்மஸ் தீவு என்று நான்கு ஆண்டுகள் அலைக்கழிக்கப்பட்ட அவர்கள், 2022 ஜூனில் அதே நகரத்துக்குத் திரும்பினார்கள். நாங்கள் தமிழர்களும் எங்களால் இயன்றதைச் செய்தோம், மறுக்கவில்லை. ஆயினும் அந்தப் போராட்டத்தை விடாமல் தூக்கிச் சுமந்தவர்கள் அந்த ஊரில் அவர்களோடு பழகிய வெள்ளைக்காரப் பெண்மணிகள். "மனித உரிமை" என்று அவர்கள் அதிகம் பேசவில்லை. "எங்கள் ஊர்க்காரரை எங்களிடம் திருப்பித் தாருங்கள்" என்ற பொருளில்தான் பேசினார்கள். உங்கள் பேரணியிலும் பக்கத்து வீட்டுக்காரர், பிள்ளையின் வகுப்பாசிரியர், தொழிற்சாலை மேற்பார்வையாளர் என்று பத்துப் பேராவது முன்வரிசையில் நிற்க வேண்டும். லைகன் தெருவிலுள்ள தொழிற்சங்க மாளிகைக்கும் போய்க் கதையுங்கள். இறைச்சித் தொழிற்சாலையிலும் களஞ்சியசாலையிலும் எம்மவர்கள் யாரோடு நின்று வேலை செய்கிறார்களோ, அவர்களுடைய சங்கக் கொடிகள் அங்கே பறப்பது ஆயிரம் துண்டுப் பிரசுரத்துக்குச் சமம்.

பாதுகாப்பு இன்னொன்று. 2025 ஓகஸ்ட் 31 அன்று பல நகரங்களில் குடியேற்றத்துக்கு எதிரான பேரணிகள் நடந்ததையும், மெல்பேர்ணில் புதிய நாசிகள் அதில் வெளிப்படையாகக் கலந்துகொண்டதையும் மறக்கக் கூடாது. மஞ்சள் மேலங்கி அணிந்த ஒழுங்கமைப்பாளர்கள் குடியுரிமை உள்ளவர்களாகவே இருக்கட்டும். அவர்கள் வெளிவரிசையிலும், பிரிட்ஜிங் விசாக்காரர் உள்வரிசையிலும் நடக்கட்டும். எவராவது வந்து வம்புக்கு இழுத்தால் பதில் சொல்லாமல் முதுகைக் காட்டித் திரும்பி நிற்கப் பழக்குங்கள். பொலிசார் ஒரு பகுதியைக் 'குறித்த பகுதி' என்று அறிவித்தால் அங்கே பிடியாணையின்றி ஆயுதத்துக்காகப் பைகளைச் சோதிக்கலாம். எங்கள் ஆட்களிடம் ஆயுதம் ஏது என்று கேட்பீர்கள். ஒருமுறை ஓர் அக்கா பிள்ளைகளுக்கென்று வத்தகப்பழமும் அதை வெட்டப் பெரிய கத்தியும் கொண்டுவந்திருந்தார்.

மறுப்பவர் எழுதியது:

எல்லோரையும் சோர்வடையச் செய்வது என் நோக்கமல்ல. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. 2023இல் தஞ்சம் கோரிய தமிழர் நீல் பரா பலரற்றிலிருந்து சிட்னி வரை ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் நடந்தார். அதே ஆண்டு 22 அகதிப் பெண்கள் மெல்பேர்ணிலிருந்து கன்பெராவுக்கு 640 கிலோமீற்றர் நடந்து நாடாளுமன்றத்தை அடைந்தார்கள். 2024இல் மெல்பேர்ணின் டொக்லண்ட்ஸில் உள்துறை அலுவலகத்தின் முன் தஞ்சம் கோருவோர் இரவுபகலாக நூறு நாட்களுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவுக்கும் அசையாத அரசு, சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் நீங்கள் நடப்பதற்கு அசையுமா? அந்த உழைப்பை அமைச்சரின் தலையீட்டைக் கோரும் விண்ணப்பங்களை ஒழுங்காக எழுதிக் கொடுப்பதில் செலவிட்டால் நான்கு குடும்பமாவது தப்பும்.

பழைய தொண்டன் எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னதிலேயே பதிலும் இருக்கிறது. நீல் பராவின் குடும்பத்துக்கு அந்த நடை முடியும் தறுவாயில்தான் நிரந்தர விசா கிடைத்தது. நீங்கள் சொல்லும் விண்ணப்பம் அமைச்சரின் தனிப்பட்ட அதிகாரத்தைச் சார்ந்தது. அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று அவரை எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்த முடியாது. கட்டாயப்படுத்த முடியாதவரை வேறு எப்படித்தான் நெருக்குவது? விண்ணப்பமும் எழுதட்டும், பேரணியும் நடக்கட்டும். ஒரு குடும்பத்துக்கு விதிவிலக்குக் கொடுத்து மற்றவர்களை மறந்துவிடுவது அமைச்சர்களுக்கு எளிது என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் பதாகையில் எவருடைய பெயரும் வேண்டாம், எல்லோருக்கும் நிரந்தர விசா என்ற ஒரு கோரிக்கை போதும் என்கிறேன்.

சிக்காகோ வாசகி எழுதியது:

கொடிப் பிரச்சினைக்கு மட்டும் ஒரு குறிப்பு. அமெரிக்காவில் 2005 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை, ஆவணமின்றித் தங்கியிருப்பதையே பெருங்குற்றமாக்கும் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அதை எதிர்த்து 2006 மார்ச் 10 அன்று எங்கள் நகரத்தில் பெருந்திரளானோர் கூடினார்கள். 25ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸில் கூடியவர்களைப் பல இலட்சம் என்றார்கள். தொலைக்காட்சியில் மெக்சிகோக் கொடிகளையே திரும்பத் திரும்பக் காட்டி, "இவர்கள் இந்த நாட்டின் மீது பற்றில்லாதவர்கள்" என்று எதிர்த்தரப்பு பேசியது. ஸ்பானிய மொழி வானொலி அறிவிப்பாளர்கள் வெள்ளைச் சட்டை அணிந்து வாருங்கள், அமெரிக்கக் கொடி கொண்டுவாருங்கள் என்று அழைத்தார்கள். அந்த மசோதா செனட் சபையில் முன்னேறவில்லை. குடியேறிகளுக்கு வழி திறக்கும் சட்டமும் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கொடியை மறைப்பது தன்மானத்துக்கு இழுக்கு என்று அன்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் உங்கள் பேரணி ஈரானியரையும் ரோஹிஞ்சாக்களையும் சேர்த்து நடப்பது. ஒரு கொடி ஏறினால் எல்லாக் கொடியும் ஏற வேண்டும், இல்லையேல் ஒன்றும் ஏறக்கூடாது. இன்னொரு விடயம், அந்த நாட்களில் ஆட்களை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தது வானொலிதான். இரவு வேலைக்காரருக்கு வானொலியும் வாட்ஸ்அப் குரல் பதிவும் போய்ச் சேருமளவுக்குச் சுவரொட்டி போய்ச் சேராது.

பிரிட்ஜிங் விசாவில் ஒருத்தி எழுதியது:

அண்ணா, நான் அந்தக் கராஜ் கூட்டத்துக்கு வந்திருந்தேன். அங்கே பேசத் துணிவு வரவில்லை.

எங்களை மேடையில் ஏற்றி அழச் சொல்லாதீர்கள். என் கதையை அதிகாரியிடம் சொல்லியிருக்கிறேன், ஐ.ஏ.ஏ.க்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், நீதிமன்றத்திலும் கொடுத்திருக்கிறேன். மகள் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு. அவளுடைய தோழிகள் எந்தப் பல்கலைக்கழகம் என்று கதைக்கும்போது, இவள் பேச்சை மாற்றிவிடுகிறாள். வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்துக்கு நாங்கள் எங்கே போவது? இதைச் சொல்லுங்கள் என்று கேட்டால் சொல்வேன். வன்னியில் என்ன நடந்தது என்று இன்னொரு முறை கேட்டால் சொல்ல மாட்டேன்.

படம் எடுக்க வேண்டாம் என்று எவரையும் தடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் படத்துக்குச் சம்மதமில்லாதவர்களுக்கு ஒரு நிறத்தில் நாடா கொடுத்து, அவர்களை நடுவில் நிற்க வைக்கலாம். உங்கள் குழுவின் படப்பிடிப்பாளராவது நாடா தெரிந்தால் கமராவை இறக்கட்டும். சனிக்கிழமை வேண்டாம், எங்களில் பலருக்கு அன்று வேலை, கேட்டால் விடுமுறை கிடைக்காது. ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகு என்றால் கோயிலும் தேவாலயமும் முடித்து வரலாம். டண்டினோங் புகையிரத நிலையத்திலிருந்து ஒரு பேருந்து ஒழுங்கு செய்தால், தனியே வரப் பயப்படும் பெண்களும் வருவார்கள்.

டண்டினோங்வாசி எழுதியது:

எழுதிய அனைவருக்கும் நன்றி. தங்கச்சி, உங்கள் கடிதத்தை நேற்றைய கூட்டத்தில் வாசித்தோம். கோப்பையைக் கீழே வைத்த அந்த அண்ணரும் இருந்தார். நீல நாடா என்று அங்கேயே முடிவாகிவிட்டது. பேரணி சனிக்கிழமை அல்ல, ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு. நகரத்தில் அல்ல, ஊருக்குள், தொகுதி அலுவலகத்தின் முன்னால். ஞாயிறன்று அலுவலகம் பூட்டியிருக்குமே என்று ஒருவர் கேட்டார். அதற்கும் பதில் கிடைத்தது: திங்கட்கிழமை காலை குடியுரிமை உள்ள நாங்கள் நால்வரும், சங்கத்திலிருந்து ஒருவரும், ஒரு வகுப்பாசிரியரும் கையெழுத்துகளோடும் படங்களோடும் உள்ளே போய் உறுப்பினரைச் சந்திக்க நேரம் கேட்டிருக்கிறோம். படங்களில் முகம் தெரிபவர்கள் சம்மதித்தவர்களாக மட்டுமே இருப்பார்கள்.

பேச்சாளர் ஐவர். பன்னிரண்டாம் வகுப்பு மகள் முதலில் பேசுகிறாள், அவளாகவே கேட்டாள். கொடி விடயத்தில் இன்னும் ஒருவர் சம்மதிக்கவில்லை, அவரோடு இன்றிரவு கதைக்க வேண்டும். மேலங்கிகள் பன்னிரண்டு வாங்கியாயிற்று, அணிவதற்கு எட்டுப் பேர்தான் இருக்கிறார்கள். குடியுரிமை உள்ள இன்னும் நால்வர் வியாழனுக்குள் பெயர் கொடுத்தால், வெள்ளி மாலை ஒத்திகை வைக்கலாம். வத்தகப்பழத்தை வீட்டிலேயே வெட்டி, பெட்டியில் போட்டுக் கொண்டுவருகிறோம்.